இணைப்பு எண் ஏழு

நெல்லிக்குப்பம் தாண்டிப் பெண்ணையாற்றங்கரையோடு போனால்
கரும்பு முடிகிற இடத்தில் கொழுஞ்சிமேடு.
மொத்தம் பத்தொன்பது இணைப்புகள், அதில் மூன்று மோட்டார்.
ஏழாவது கடவுளுடையது.
அருள்மிகு கரைமேலீசுவரர் என்றிருக்க வேண்டும் அட்டையில்.
எங்கள் அலுவலகத்தில் யாரோ
‘கரைமேல் ஈஸ்வரன், தந்தை பெயர்: இல்லை’
என்று பதிந்துவிட்டார்கள்.
யோசித்தால் அதுவும் சரிதான்.

பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ஃபியூஸைப் பிடுங்கி வரச் சொல்லி
உதவிப் பொறியாளர் கையெழுத்து.

சாவி மரியசூசை வீட்டில் இருந்தது.
உங்களிடம் எப்படி என்றேன்.
“பக்கத்து வீடு எங்களுதுதானே சார்.”
அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு காரணம் தேவைப்படவில்லை.

கோயில் என்றால் குனிந்து நுழைகிற ஒரு கல்லறை அளவு இடம்,
முன்னால் நாலு தூண்.
தானே புயலில் விழுந்த பலாமரம்
மண்டபத்தின் ஒரு மூலையைக் கூடவே கொண்டுபோயிருந்தது.
உள்ளே ஒரு குண்டு பல்பு.
அவ்வளவுதான் அவருடைய மின்நுகர்வு.

மரியசூசை பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினார்.
பழைய ரசீதுகள், ஒரு தீப்பெட்டி,
நாலாக மடித்த கோடு போட்ட தாள்.
போன தையில் சிதம்பரத்திலிருந்து வந்த பிள்ளைகள்
சுவரடிக் கல்லைத் தேய்த்துக் கழுவி
படித்து எழுதிக் கொடுத்தார்களாம்.
“இதுவும் பில்லான்னு பாருங்க.”

பார்த்தேன். பில்தான்.

நுகர்வோர், வியாபாரி சாத்தன் மணவாட்டி எழினங்கை.
இணைப்பு, நந்தா விளக்கு ஒன்று.
நாளொன்றுக்கு உழக்கு நெய்.
வைப்புத்தொகை, சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
காலம், சந்திரனும் சூரியனும் உள்ளவரை.
துண்டிப்பவன்
கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த
பாவமெல்லாம் கொள்வான்.

கையில் கட்டிங் பிளேயரோடு நின்றிருந்தேன்.

சாகாத ஆடு. கிழடு தட்டாத ஆடு.
ஒன்று செத்தால் ஒரு குட்டி வந்து அந்த இடத்தில் நிற்கும்;
கணக்குக்குள் மட்டும் தொண்ணூற்றாறும்
தலை குறையாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

எனக்கு இது புதிதில்லை.
என் பதிவேட்டில் பாதிப்பேர் இறந்தவர்கள்.
பெயர் மாற்றத்துக்கு அலைய யாருக்கு நேரம்?
எங்கள் வீட்டு இணைப்பே இன்னும் அப்பா பெயரில்.
கெடிலக்கரையில் எரித்துப் பதினேழு வருடம்.
அவருக்கு யூனிட் ஓடுகிறது.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தவறாமல் கட்டிவிடுகிறார்.

தூண் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன,
மரியசூசையின் மருமகனுடையவை.
எதற்கென்று தெரியாமல் எண்ணினேன்.
பதினொன்று. ஒன்று சினை.

“மீதி எண்பத்தஞ்சு எங்கே?”
“ரெண்டு பண்ருட்டிச் சந்தைக்குப் போச்சு சார்,
மத்தது எனக்குத் தெரியாதே” என்றார், பயந்து.

விரியத் திறந்திருந்த கதவுக்கு முன்னால் நின்று
குறிப்புக் கட்டத்தில்
‘பூட்டியிருந்தது’ என்று எழுதினேன்.

வண்டியை உதைக்கும்போது பார்த்தேன்,
சினை ஆடு எழுந்து போய்
கல்லெழுத்தில் உப்பு நக்கிக்கொண்டிருந்தது.
நெய் என்று வெட்டியிருக்கும் இடமா,
ஆடு என்று வெட்டியிருக்கும் இடமா,
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.