நாற்பது குடைகள்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள்.
பிரதேச செயலகத்தில் எனக்கு வந்த கட்டளை ஒரே வரி:
கப்பல் வருகிறது, குடை ஏற்பாடு செய்யவும்.

வங்கியில் கையெழுத்து வைத்து நாற்பது வாங்கினேன்.
மஞ்சளும் நீலமும்.
விரித்தால் எட்டுப் பக்கமும் வட்டி வீதம்.

பாசிக்குடாவில் விடியவே வாடை ஏறிவிட்டது.
கப்பல் தூரத்தில் நின்றது,
யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டு மறந்துபோன
பீங்கான் கோப்பை மாதிரி.
ஆயிரத்து இருநூறு பேர் என்றார்கள்.
இருபத்தெட்டு ஓட்டோ வரிசையில்.
கும்மியடிக்க வந்த பிள்ளைகளின் கன்னச் சிவப்பு
கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
"துடைக்காதீங்க மனே, துடைச்சா இன்னும் பரவும்"
என்று சந்திரவதனி டீச்சர்
துடைத்துக்கொண்டே சொன்னா.

பத்தரைக்கு ஒரு படகு.
இந்தக் குடாவில் கடல் முழங்காலோடு நின்றுவிடும்,
படகு கரைக்குக் கிட்ட வராது.
பதினேழு பேர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
நாற்று நட முதன்முதலாய் வயலில் இறங்குகிறவர்கள் போல
பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்கள்.
மிச்சப் பேர் கப்பலிலேயே சீட்டாடுகிறார்களாம்.

ஒருத்தி மட்டும் யானை வேண்டாம், கோயில் வேண்டாம்,
தபால் கந்தோர் எங்கே என்று கேட்டா.
பெயர் இங்கா.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வாயில் அது பெயரில்லை, சந்தேகம்:
இங்கா?

வாழைச்சேனைக்கு ஓட்டோவில் போனோம்.
றெக்சின் திரை கிழிந்த பக்கம் நான் இருந்தேன்.
அவ கழுத்தில் தொங்கிய நிகழ்ச்சி நிரலில்
இன்றைய திகதிக்கு நேரே
'தொலைதூரக் கரை' என்று இருந்தது.
எங்கிருந்து தொலைதூரம்?
என் வீடு இரண்டு கட்டை.

பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தா.
பசிபிக்கில் ஏதோ தீவு.
வெயில், பச்சைத் தண்ணீர், ஒற்றைத் தென்னை.
குலையைப் பார்த்தால் குரும்பட்டி உதிரும் சாதி.
ஆறு கிழமைக்கு முன் அங்கேயும் கப்பல் நின்றதாம்.
மழை. அலை. ஒருவரையும் இறக்கவில்லை.
யன்னலால் பார்த்தாவாம்:
சாம்பல் நிறத்தில் ஒரு மேடு,
அதில் ஊர்ந்துபோன ஒரு வெளிச்சம்.
மோட்டார் சைக்கிளாக இருக்கலாம் என்றா.
அவ்வளவுதான் தீவு.
அட்டையைக் கப்பல் கடையில் வாங்கியது.

நளீம் காக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எங்க தங்கச்சி?
நம்மட நாசிவன்தீவு மாதிரியும் இல்லையே."
அவ வாங்கில் இருந்து எழுதினா,
பூனைக்குச் சாப்பாடு வைக்கிற
பக்கத்து வீட்டு மனுசனுக்கு.
என்ன எழுதினீங்க என்று கேட்டேன்.
வாசித்துக் காட்டினா:
'இங்கே வந்துவிட்டேன். மழை.'
எந்த இங்கே என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

ஈரத்தில் முத்திரை ஒட்டவில்லை.
காக்கா பசைப் போத்தலைத் தள்ளிவிட்டார்.
அச்சு முதல் குத்தில் பாதி விழுந்தது.
இரண்டாம் குத்தில்
அந்தத் தென்னைக்கு மறுபக்கம்
கறுப்பாய், கொஞ்சம் சரிந்து,
வாழைச்சேனை.

மறுகா ஒரு மணிக்கே கப்பல் ஊதியது.
கும்மி நடக்கவில்லை.
விருந்தாளிகளுக்கு வாங்கிய பணிஸை
பிள்ளைகள் சிவப்பு வாயோடு தின்றார்கள்.
குடைகளை எண்ணினேன். முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
முழங்கால் தண்ணீரில் படகை நோக்கி
ஒரு வட்டி வீதம் விரிந்து போனது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வங்கி படிவம் அனுப்பியிருக்கிறது.
பொருள்: குடை. எண்ணிக்கை: ஒன்று.
பெறுமதி: ஆயிரத்து நானூற்றைம்பது.
தொலைந்த இடம் என்ற புள்ளிக்கோட்டை விட்டுவிட்டு
கீழே கையெழுத்து வைத்தேன்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்,
சிவப்புப் பேனையால் அந்தக் கோட்டைச் சுழித்து.