மேற்படி

கரிமேட்டுப் பழைய பேப்பர் கடையில்
எடைக்குப் போட்டிருந்தார்கள்.
கிலோ பதினெட்டு ரூபாய், நான்கு கிலோ.
மில்லின் அபராதப் பதிவேட்டில்
கரையான் தின்றது போக மிச்சம்
முப்பத்தேழாம் வருஷம், ஆடி முதல் தை வரை.

ஒச்சம்மாள். நூல் சுற்றும் பிரிவு.
அபராதம் இரண்டணா.
காரணம் என்ற கட்டத்தில்
குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து:
பேச்சு.

அவளுக்கென்றே ஒரு பக்கம், பதினோரு வரி.
மூன்று முறை பெயர் எழுதியவனுக்குக் கை வலித்திருக்கும்.
நான்காவதிலிருந்து அவள் மேற்படி.
மேற்படி, இரண்டணா, மேற்படி.

அடுத்த ராட்டையில் வாய் திறக்காமல் நின்றவளுக்கு
பக்கமும் இல்லை, வரியும் இல்லை.

வடக்காவணி மூல வீதி மாடியில்
பதிப்பாளர் சங்கையா மின்விசிறியைக் கூட்டினார்.
"அடிக்குறிப்பு வேணாம்மா. பஸ்ல போறவங்க படிக்கணும்.
திருமங்கலத்துல ஏறுனா
பெரியார் நிலையம் வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடியணும்."
நியாயம்தான்.
நானே பஸ்ஸில் படித்து வளர்ந்தவள்.
"என்ன பேசுனான்னு எழுதுங்க.
கூலி, போராட்டம், கையை ஓங்கி ஒரு வசனம்.
அட்டையிலேயே போட்ரலாம்."

அன்றிரவு எழுதியும் பார்த்தேன்.
ஒச்சம்மாள் முழங்கினாள்,
என் எம்.ஏ. தமிழில்,
ஒரு நிறுத்தற்குறி பிசகாமல்.

விடியுமுன் கிழித்தேன்.
பிள்ளையின் பேதியைச் சொல்லியிருக்கலாம்.
மேஸ்திரியின் கண் போகிற இடத்தை.
எதிரே நின்றவளின் மூக்குத்தித் திருகாணி கழன்றிருப்பதை.
தெரியாது என்று எழுத
ஒரு வரி போதும்.
அந்த ஒரு வரியில்
பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் இறங்கிப்போவார்களோ
என்றிருந்தது பயம்.

சிம்மக்கல் ஒளியச்சுக் கடையில்
அடித்துக்கொண்டே வந்த ஜெசிந்தா
விரலை நிறுத்தினாள்.
"அப்ப ஒரு நாள் கூலி எவ்வளவுக்கா?"
"நாலணா."
உதடு மட்டும் அசைந்தது.
"ஆத்தாடி, அஞ்சரை நாளு!
அஞ்சரை நாள் கூலிய வாயிலயே செலவழிச்சிருக்கா.
மொதத் தடவையே தெரிஞ்சிருக்கும்ல, பிடிப்பாங்கன்னு?
தெரிஞ்சேதான் பேசியிருக்கா.
அப்ப அந்தப் பேச்சு
ரெண்டணாவுக்கு மேல பெறும்க்கா."

ஏழு மாதம் ஆவணக் கட்டுகளில் தும்மிக்கிடந்த எனக்கு
இந்தக் கணக்கு வரவில்லை.
அதைத் தூக்கி அத்தியாயத்தின் முடிவில் வைத்தேன்.
பஸ் சரியாக நிலையத்துக்குள் நுழைந்தது.

மூன்றாம் பிழைதிருத்தத்தில்தான் கண்ணில் பட்டது.
நன்றிப் பக்கத்தில் சங்கையா இருக்கிறார்,
நூலகர் இருக்கிறார், பேப்பர் கடைக்காரரும்.
கடைசியில்,
ஒளியச்சு: வேல்முருகன் கிராபிக்ஸ்.

"உன் முழுப் பேரைச் சொல்லு ஜெசிந்தா."

வாசலில் ஓனரின் பைக் அணைந்தது.
குரலை இறக்கினாள்.
"பேசிக்கிட்டிருந்தா பக்கக் கணக்குல கழிப்பாருக்கா."

ஆனால் விரல் நிற்கவில்லை.
வேல்முருகனுக்கு மேலே
ஒரு வரி திறந்து அடித்தாள்:
அ. ஜெசிந்தா மேரி.
எழுத்தளவு பதினொன்று.
திரையைக் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு,
பன்னிரண்டு.