நாற்பத்தொன்பது

திங்களும் வியாழனும் பற்றறி மாற்றும் நாள்.
விடிய ஐந்தரைக்கு ஸ்ரோர் திறக்கிறேன்.
பன்னிரண்டு கருவி, ஒன்றுக்கு நாலு.
கொப்பியில் எழுதுகிறேன்: வழங்கியது நாற்பத்தெட்டு.
அம்பகாமக் காட்டோரம் பாலை மரங்களின் கீழ்
இன்னும் இருட்டு.
முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு
பெண்கள் நின்றபடியே பிளேன்ரீ குடிக்கிறார்கள்.

கழற்றிய பழையவை என் மேசைக்கு வரும்.
செத்தவை அல்ல.
மண்ணின் மேல் கருவி ஒரு கணம் தடுமாறினால்
ஒரு கால் போய்விடும்;
அதனால் பாதி உயிரிலேயே
அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறோம்.

புதிய சட்டம் ஒரு நீல வாளியாக வந்தது.
'பாவித்த பற்றறி மட்டும்' என்று நானே எழுதி ஒட்டினேன்.
முதல் கிழமை அதில் விழுந்தவை:
தேயிலைச் சக்கை, செருப்பு வார்,
சமையற்காரரின் வெற்றிலைத் துப்பல்.
இப்போது நிரம்புகிறது.
மாதமுடிவில் லொறி கொழும்புக்குக் கொண்டுபோகும்,
அங்கிருந்து கப்பலில் எங்கோ,
துத்தநாகம் வேறாக இரும்பு வேறாக உருக்குவார்களாம்.
லொறிக்காரச் செபமாலை வாளியைத் தூக்கும்போது சொல்வான்:
"எங்களுக்குக் கிடைக்காத விசா
இதுக்குக் கிடைக்குது, பாருங்கோ அக்கா."

எனக்கும் பழக நாள் எடுத்தது.
பற்றறி தடைசெய்த பொருளாக இருந்த வருடங்களில்
வளர்ந்த கை இது.
அடியில் ஆணியால் குத்தி, உப்புத்தண்ணீர் விட்டு,
வெயிலில் அடுக்கிவைத்து
இரவுச் செய்தி முடியும்வரை மட்டும்
உயிர் வாங்கிய கை.
முடிந்தது என்று ஒன்றைப் போட
விரல் உடனே விரியாது.

அந்தத் திங்கள் திரும்பியது நாற்பத்தாறு.
யாரென்று தெரியும்.
கிருபாலினிக்கு ஒலுமடுவில் இரண்டு ஏக்கர் சோளம்.
இரவில் யானை. ரோர்ச்சுக்கு இரண்டு வேண்டும்.
நான் கேட்கவில்லை.
கொப்பியில் அந்த இடத்தைப் பென்சிலால் எழுதினேன்.

பத்து மணிக்குப் பதினாலாம் ஒழுங்கையில்
நிலாந்தியின் கருவி அலறியது.
சின்னச் சத்தம் இல்லை.
மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.
அவள் முழந்தாளில் இருந்தாள்:
வேர் வெட்டி, பக்கவாட்டில் சுரண்டி,
தூரிகையால் தடவி, மறுபடி சுரண்டி,
நாற்பது நிமிடம்.
கவசத்துக்குள் வேர்வை கண்ணில் இறங்க
துடைக்கவும் முடியாத நாற்பது நிமிடம்.

வந்தது ஒரு பற்றறி.
தோல் துருவேறி, பெயர் அழிந்து,
வயிறு வெடித்து வெள்ளையாய்க் கசிந்திருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.
"எந்த நாசமறுவான் எறிஞ்சது?" என்றபடி
மரநிழலில் மல்லாக்க விழுந்தாள்.
பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
அந்தக் காட்டுக்குள்ளால் நடந்து போனவர்கள்
நாங்கள் எல்லோரும்தான்.
ஆணிக்குத்து இருக்கிறதா என்று
நான் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வாளியில் போட்டேன். நாற்பத்தேழு.
'வழங்கியவர்' என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

வியாழன் விடிய, புதியவற்றை எண்ணிக்கொண்டிருக்கையில்
முதுகுக்குப் பின்னால்
வாளியில் டொக் என்று ஒன்று,
கொஞ்சம் பொறுத்து டொக் என்று இன்னொன்று.
நான் திரும்பவில்லை.
அன்றிரவு ஒலுமடுவில் யானைக்கு
என்ன செய்தாள் என்றும் கேட்கவில்லை.

மாதக் கணக்குப் பார்த்த வவுனியா அலுவலகம்
தொலைபேசியில் வந்தது.
"தங்கச்சி, குடுத்தது நாற்பத்தெட்டு,
வந்தது நாற்பத்தொன்பதோ? மற்றது எங்கால?"
"மண்ணுக்குள்ளால."
"அதுக்குப் படிவத்தில கட்டம் இல்லையே."

"ஒண்டைக் கீறுங்கோ அண்ணை," என்றேன்.
"கொஞ்சம் அகலமாக் கீறுங்கோ."