மறுபக்கம்

பேசாப்பட விழாவில் வாங்கியதாம்,
கொழுந்தன் மகள் பூங்கோதை விட்டுப்போன துணிப்பை.
முன்பக்கம் ஒரு நடிகை,
வாய் பிளந்து எதையோ கத்துகிறாள்,
நூறு வருஷமாய்.

உள்ளே ஸ்கேன் உறை, ஃபிளாஸ்க்,
ரெண்டு சாத்துக்குடி, ஆம்பூர் பஸ் டிக்கெட்.

குரல்வளை எடுத்த பதினோராம் நாள்.
வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்.
மேலே காத்தாடி தடதடக்க
இவர் சிலேட்டில் எழுதுகிறார்:
'அவ இன்னா சொல்றா?'

பையைத் திருப்புகிறேன்.
கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்து,
துவைத்துத் துவைத்து
ஒரு கொம்பும் இரண்டு புள்ளியும்தான் மிச்சம்.

"டீயில சக்கர பத்தலயாம்."

தோள் குலுங்குகிறது.
கழுத்துத் துளையில் காற்று
விசுக் விசுக்கென்று.
பிறகு, சிலேட்டை லுங்கியில் துடைத்து,
'இஞ்சியும்.'