ஒட்டுகிறவள்

கத்திவாக்கம் எறா கம்பெனியில்
பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு பச்சை அலை,
கீழே பொடிப்பொடியாய் ஜெர்மன் எழுத்து.
என்ன சொல்லுது இது என்று கேட்டேன்.
"உன்னைப் பத்தித்தான்" என்றார் க்யூசி வில்பிரட்.
"நீ நல்லா இருக்கியாம்."

அன்றைக்கு எனக்கு நீர்க்கடுப்பு, ஒன்பதாம் நாள்.

கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும்,
ஐடி கார்டோடு சேர்ந்து.
ஷிப்டுக்கு ரெண்டு தடவை. மூணாவதுக்குக் காரணம் சொல்லணும்,
ஆம்பளைங்க முன்னால்.
மனு கொடுத்தோம். ரூபாவதி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.
அவளை வெளியிலேயே விட்டுவிட்டார்கள்.

பிறகு, புதுப்பிக்கிற வருஷம், ஆடிட் வந்தது.
முந்தின நாளே புது கிளவுஸ், புது சோப்பு,
கேட்டால் சொல்ல வேண்டியது மனப்பாடம்.
கொச்சியிலிருந்து வந்த அந்த அம்மா
எங்களை எதுவுமே கேட்கவில்லை.
குடிதண்ணீர் டிரம்மைத் திறந்தாள். விளிம்புவரை இருந்தது.
டம்ளரைத் தடவினாள். காய்ந்திருந்தது.
"நாற்பது பெண்கள். ஏன் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை?"

சூப்பர்வைசர் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மூன்று கண்டெய்னர் எண்ணூர் ரோட்டில் நின்றன,
லாரியோடு லாரியாய்.
பச்சை அலை இல்லாமல் அங்கே இறக்க மாட்டார்களாம்.
ஃப்ரீசருக்கு டீசல் ஓடுகிற சத்தம்
முதலாளி வீடுவரை கேட்டிருக்கும்.
எட்டாம் நாள் கக்கூஸ் கதவு திறந்தே கிடந்தது.
நாலு வருஷம் எங்கள் வாய் செய்யாததை
உள்ளங்கையளவு பசை செய்தது.

சந்தோஷந்தான், பொய் சொல்ல மாட்டேன்.
முதல் நாள் தேவையே இல்லாமல் நாலு தடவை போனேன்.

ஆனால் பின்பக்கம், முகத்துவாரத்தில்,
சாம்பல் இடுப்பளவு கிடக்கிறது.
எங்கள் கம்பெனி சாம்பல் இல்லை அது,
அதனால் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
என் வீட்டுக்காரர் வலையை உதறினால்
எறாவுக்கு முன்னால் சேறு விழுகிறது.

நேற்று ஒரு ஸ்டிக்கர் கோணிக்கொண்டு கிழிந்தது.
கிழிந்ததைக் கணக்கில் காட்டணும். காட்டவில்லை.
கக்கூஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்,
உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே.
ஓரத்தில் ஒரு தேதி. எண் மட்டும் எனக்குப் படிக்க வரும்:
இன்னும் பதினாலு மாசம்.

சாவியை யாரும் தூக்கி எறியவில்லை.
சூப்பர்வைசர் டிராயரை இழுக்கும்போதெல்லாம்
அது நகர்கிற சத்தம்
பேக்கிங் மேசைவரை வருகிறது.