நசுங்கிய டின்

ஒவ்வொரு மாதமும் இருபத்திமூன்றாம் தேதி
கரண்ட் பில்லின் முதுகில் கணக்கு எழுதுவேன்.
அறை வாடகை, அரிசி, பருப்பு,
பஸ் காசு, தம்பிக்கு ரீலோட்.
மிச்சமிருக்கும் மூலையில்
ஒரு கோடு கிழித்து
அதன் கீழே: தேத்தண்ணி.

தேத்தண்ணி என்றால்
லயத்துக்கு அளந்து கொடுக்கும்
அந்தத் தூள் இல்லை.
உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு
குடிக்கும் கறுப்பும் இல்லை.
அதற்கு நான் எதிரியில்லை;
காலை ஆறரைக்கு அதுதான் என்னை எழுப்பி
பண்டாரவளை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறது.

நான் சொல்வது வேறு.
முழு இலை, சுருண்டது,
நடுநடுவே நீலப் பூவிதழ்.
மூடியைத் திறந்தால்
தேசிக்காயின் தூரத்துச் சொந்தம் ஒன்று
குவைத்திலிருந்து வந்து இறங்கியதுபோல
செண்ட் மணக்கும்.
பேர்கமொட் என்று டின்னில் போட்டிருக்கிறது.
மரமா கொடியா தெரியாது.
இந்த மலையிலிருந்து இறங்கிப் போன இலை
கொழும்பில் எங்கோ அதைச் சந்தித்து
அதன் வாசத்தைப் பூசிக்கொண்டு
மறுபடி மலையேறி வந்து
என்னிடமே விலை சொல்கிறது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

வெள்ளைக்காரர்கள் ரயிலிறங்கி வரும் கடை அது.
நான் போட்டோகொப்பிக் கடையிலிருந்து
மதியச் சாப்பாட்டு நேரத்தில் போவேன்.
வாங்க அல்ல, மணக்க.
மாதிரிக்குத் திறந்து வைத்த கிண்ணங்கள்:
கறுவா, ரோஜா, இஞ்சி, அன்னமுன்னா,
ஓரத்தில் அது.
அங்கே மட்டும் என் மூக்கு
பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல நிற்கும்.

இர்ஷானா பார்த்திருக்கிறாள்.
கல்லாவுக்குப் பின்னால், இருபது வயதிருக்கும்,
நகத்தில் மருதாணி பாதி அழிந்து.
ஒருநாள் தானாகவே சொன்னாள்:
"நசுங்கின டின் வந்தா பாதி விலை அக்கா.
லொறியில அடிபட்டு வரும். சிலநேரம்."

அன்றிலிருந்து
பெரகலை வளைவுகளில் லொறிகள்
கொஞ்சம் மோசமாக ஓட வேண்டுமென்று
வேண்டிக்கொண்டேன்.
ஆளுக்கு ஒன்றும் ஆகாமல்,
டின்னுக்கு மட்டும்.

இரண்டு மாதம்.
ஒன்றும் நசுங்கவில்லை.
சாரதிகள் இவ்வளவு நல்லவர்கள் என்று
எனக்கு இதுவரை தெரியாது.

போன செவ்வாய் மழை. கடையில் ஆளில்லை.
இர்ஷானா தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள்.
வாசலைப் பார்த்தாள்.
மேசை விளிம்பில்
டொக்.
"பாருங்க அக்கா," என்றாள்,
முகத்தில் ஒன்றுமே இல்லாமல்,
"இது நசுங்கியிருக்கு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கை அதற்குள்
தொள்ளாயிரத்துத் தொண்ணூறை
எண்ணி முடித்திருந்தது.

இரவு, ஒரு கரண்டி.
போனில் மூன்று நிமிடம் வைத்தேன்.
சீனி போடவில்லை, அதுவும் மிச்சம்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
பக்கத்து வீட்டுச் சுவரைத் தின்றுகொண்டிருந்தது.
அந்த முதல் கோப்பையை
நான் யாருக்கும் கொடுக்கவில்லை,
இந்தக் கவிதைக்கும்.

அதே இலையில் இரண்டாவது ஊற்றல்
விடிகாலையில்.
கொஞ்சம் வெளிறியது, ஆனாலும் மானம் போகவில்லை.
பிழிந்த இலையைக் காயவைத்து
பழைய காலுறையில் கட்டி
ஈரச் சப்பாத்துக்குள் தள்ளுவேன்.
இந்த மழைக்காலத்தில்
வாசமாய் நடக்கும் கால்
ஊரில் என்னுடையது மட்டும்தான்.

அந்த இரண்டாவது ஊற்றலைப் போத்தலில் அடைத்து
இர்ஷானாவுக்குக் கொண்டுபோனேன்.
"ஐயோ அக்கா," என்றாள்,
"நான் தேத்தண்ணியே குடிக்கிறதில்ல.
நாள் முழுக்க இந்த மணம், தலையிடி.
எனக்கு மைலோதான்."

திரும்பி வந்து
போத்தலை மெஷினின் சூட்டுமேல் வைத்தேன்.
உள்ளே யாருடையதோ பிறப்புச் சான்றிதழ்,
பத்துப் பிரதி.
வரிசையில் நின்ற சவரிமுத்து அண்ணன்
மூக்கை நிமிர்த்திக் கேட்டார்,
"என்ன பிள்ள, இப்படி மணக்குது?"

"புது இங்க் அண்ணே," என்றேன்.
இளஞ்சூடாய் வந்த தாளை
அவர் ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு
கவனமாக மடித்து
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.