மூன்றிலிருந்து ஒன்பதுக்கு

இசிப்பிங்கோ மீன்கடையில்
பிளக்கின் பின்னால் நான் மறந்துவிட்டு வந்த பதிவுப்பெட்டி
அந்த இரவைப் பிடித்து வைத்திருந்தது.
லோட் ஷெட்டிங் முடிந்து
பதினொன்று ஏழுக்குத் திரும்பிய மின்சாரம்
வந்த வேகத்தில் உச்சி நானூற்றுப் பத்து வோல்ட்.
பிறகு மூன்று சுழற்சி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மறுபடி வந்தது, எதுவும் நடவாததுபோல.

பைன்டவுன் ஆய்வுக்கூடத்தில்
எந்த ஊர் மின்சாரத்தையும் நடித்துக்காட்டும் கருவிக்குள்
அது இப்போது மூன்றாம் எண்ணில் இருக்கிறது.
மூன்றைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன் நோக்வாசியிடம்.
நேற்று விரல் தவறி
அதன் மேலேயே வேறொன்றைச் சேமிக்கப் போனாள்.
"அழிக்கவா?" என்று திரை கேட்டது.
ஹாவு, என்றாள். இருவரும் மூச்சு விடவில்லை.

நகல் எடு. ஒன்பதில் போடு.
ஒன்பதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

முதலில் பாதியாக்கினோம்.
அதே கம்பெனி, அதே மாடல், உள்ளே மீனில்லாத
புது ஃப்ரீசர்
முனகியது, புறப்படவில்லை.

காப்பீட்டுக்காரர் கடிதத்தில் ஒரே கேள்வி:
எவ்வளவு உயரம்?
இருநூற்று அறுபத்து நான்கு வரை தாங்கும் என்று
பெட்டியின் முதுகில் அச்சடித்திருக்கிறது.
அதைத் தாண்டியிருந்தால் நகராட்சியின் பாடு,
தாண்டாவிட்டால் கிழட்டுப் பெட்டியின் பாடு.
இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட வேண்டும்.

குணசீலன் நாயக்கர் போனில் சொன்னபோது
திங்கட்கிழமை நாற்பது கிலோ ஷாட் மீன்.
புதன்கிழமை அறுபது.
நேற்று எண்பது, கூடவே இறாலும்.
நான் குறுக்கிடவில்லை.
வடிவம் அதேதான், பெருக்கும் எண் ஏறுகிறது.
ஆனால் ஒவ்வொரு தடவையும்
"காலையில கதவைத் திறந்தேன்"
என்ற இடத்தில் நிறுத்துகிறார்.
நாற்பதிலும் எண்பதிலும்
அந்த நிறுத்தம் ஒரே நீளம்.

புள்ளி எட்டு என்று அடித்தாள் நோக்வாசி.
புள்ளி எட்டில் அந்த முகடு முகடே இல்லை,
வீட்டுச் சுவருக்குள் தினமும் ஓடும்
சாதுவான உயரம்.
ஓட்டினோம். இன்னொரு தடவை ஓட்டினோம்.
மூன்றாம் ஓட்டத்தில்
ரிலே குளிரில் பல் தந்தியடிப்பதுபோலப் படபடத்தது.
கம்ப்ரெசர் தான் அடைத்துவைத்த அழுத்தத்தையே
தள்ள முடியாமல் திமிறி நின்றது.
மின்பலகை கருகும் வாசனை.
ஜன்னலைத் திறந்தேன், வெளியே மழை.

திரையில் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன்
நடுவே தட்டையாகக் கிடந்த அந்தக் கோட்டை.
எட்டால் பெருக்கு, புள்ளி எட்டால் பெருக்கு,
சுழியம் சுழியம்தான்.
இரண்டாம் வகுப்புக் கணக்கு.
எனக்கு இருபது வருட வேலைக்குப் பிறகு
கருகல் வாசனையோடு வந்து சேர்கிறது.

"எந்தக் கட்டம்?" என்கிறாள், பேனாவை நீட்டியபடி.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்து வெள்ளையில் எழுதுகிறேன்:
அறுபது மில்லிநொடி.
இதற்குக் காசு கொடுப்பார்களா, தெரியாது.

ஒன்பதை அழித்தாயிற்று. மூன்று இருக்கிறது.
போன் அடிக்கிறது, நாயக்கர்.
இன்றைக்கு நூறு கிலோவாகியிருக்கும்.
ஆகட்டும்.
கதவு திறக்கிற இடம் வரட்டும் என்று
காதில் வைத்துக் காத்திருக்கிறேன்.